அண்ணாச்சி முகத்துக்கு ஒட்டின காகிதம்

அதுல உக்காராதீங்க தங்கச்சி, அது இன்னும் காயல. முட்டை அட்டைய ஊறவச்சு அரைச்சு அப்பியிருக்கேன். நேத்து எங்க வீட்டுக்காரக மறந்து உக்காந்துட்டாக, வேட்டியோட எந்திரிக்க முடியல. இந்தப் பக்கம் வாங்க, இந்த முக்காலியில உக்காருங்க. பாத்தா பழைய பேப்பரு மாதிரி தெரியும். ஆமா, பழைய பேப்பருதான், ஆனா திடமானது. பயப்படாம உக்காருங்க.

மாடி வீடு பாக்கத்தான வந்தீக? சாவி அவுக சட்டைப் பையில இருக்கு, சட்டை அவுக மேல இருக்கு, அவுக டீத்தூள் வாங்கப் போயிருக்காக. இப்ப வந்துருவாக. போற எடத்துல யாராச்சும் மில்லுல கூட வேல பாத்தவுக கெடச்சா கொஞ்சம் நேரமாகும். கெடைப்பாக.

என்ன, செவுத்தையே பாக்குறீக? எல்லாம் என் கைவேலதான். அந்த மயிலு கல்யாணப் பத்திரிகையில செஞ்சது. இந்தக் கூடை பால் கவரு. அந்தப் பிள்ளையாரு மின்னுறாரே, அது மாத்திரை அட்டை. அவுகளுக்கு சுகரு, பிரஷரு, கொழுப்பு எல்லாத்துக்கும் மாத்திரை இருக்கு. நான் மாத்திரைய எல்லாம் பிதுக்கி ஒரு டப்பாவுல கொட்டி வச்சுட்டு அட்டைய எடுத்துக்கிட்டேன். எது எதுக்குன்னு தெரியலயேன்னு ஒரு நாள் பூரா சத்தம் போட்டாக. எல்லாம் வெள்ளையாத்தான இருக்கு, எல்லாம் ஒரே வயித்துக்குத்தான போகுதுன்னு சொன்னேன். இந்த வீட்ல கலைக்கு அம்புட்டுதான் ஆதரவு.

சரி, வழி யாருகிட்ட கேட்டீக? முக்கு டீக்கடையிலயா? சிரிச்சானா? சிரிச்சிருப்பான். "சாவு போஸ்டரு அக்கா வீடா"ன்னு கேட்டிருப்பான். தலைய ஆட்டாதீங்க, கேட்டிருப்பான், எனக்குத் தெரியும். இந்த அருப்புக்கோட்டையில எனக்கு அதுதான் பேரு. மங்கையர்க்கரசின்னு எங்க அப்பா வச்ச பேரு ரேஷன் கார்டுல மட்டுந்தான் இருக்கு. அது எப்பிடி வந்துச்சுன்னு நானே சொல்லிர்றேன். ஊரு வாயால கேட்டா கை கால் வச்சு, காது மூக்கு வச்சுக் கேப்பீக. நாளைக்கு நீங்க மாடியில குடியிருக்கப் போறவுக, ஒங்களுக்குத் தெரியணுமில்ல.

எங்களுக்கு ஒரே பொண்ணு, தமயந்தி. மழலையர் பள்ளிக்கூடத்துல டீச்சரு. அவளுக்கு மாப்பிள்ள வெயிலுமுத்து அண்ணாச்சி மகன் பூபாலன். பஜாருல பெரிய பெயிண்டு கடை பாத்திருப்பீக, வாசல்ல டப்பா டப்பாவா அடுக்கியிருக்கும், அதுதான். ரெண்டும் முன்னாடியே பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்குக. எங்களுக்குத் தெரியாதுன்னு அதுகளுக்கு நெனப்பு. அவன் பேரச் சொன்னாலே இவ பிள்ளைகளுக்குப் பென்சில் சீவுற மாதிரி தலையக் குனிஞ்சுக்குவா. அவன் இல்லாம இவ இருக்க மாட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனால நாங்களே போயிப் பேசினோம்.

அண்ணாச்சி லேசுல தலையாட்டுற ஆளு இல்ல. கடைக்கு வர்றவன் பச்சைன்னு கேட்டா, எந்தப் பச்சை, எதுக்குப் பச்சை, பழைய பச்சைக்கு என்ன கேடுன்னு கேட்டுட்டுத்தான் டப்பாவத் தொடுவாரு. எங்களையும் அப்பிடித்தான் கேட்டாரு. அதுக்கப்பறம்தான் சரின்னாரு. பூ வச்சாச்சு. ஆவணியில நிச்சயம்னு பேச்சு. அதுக்கு முன்னாடி, போன வருசம் ஆனியில, அவருக்கு அறுபதாம் கல்யாணம்.

சம்பந்தி வீட்டு விசேஷம், முதல் தடவையா மொறையோட போறோம். என்ன செய்யுறதுன்னு பேச்சு வந்துச்சு. வேட்டி சேலை, ஒரு பழத்தட்டு, போதும்னாக அவுக. தமயந்தி தனியா வந்து கையப் புடிச்சுக்கிட்டா. "அம்மா, வேட்டி சேலை மட்டும் போதும்மா. நீயா ஒண்ணும் செஞ்சுறாத." அப்பிடியே இந்த வார்த்தைதான். பெத்த மக. நான் செஞ்ச பென்சில் டப்பாவ கையில வச்சுக்கிட்டே சொல்லுறா.

எனக்கு வீம்பு வந்துருச்சு. அம்புட்டுப் பெரிய கடைக்காரருக்கு வேட்டிக்கா பஞ்சம்? அவரு முகத்தையே செஞ்சு குடுப்போம்னு முடிவு பண்ணேன். ஒரு ஆளு ஒசரம் பிளைவுட்டு. அதுல பேப்பரச் சின்னச் சின்னதா நறுக்கி ஒட்டி, பெயிண்டு தொடாம ஒரு உருவம். போனுல பாத்திருக்கேன், வெளிநாட்டுல செய்றாக. முடிக்கு என்ன செய்றதுன்னு யோசிச்சேன். அண்ணாச்சி டை அடிப்பாரு, அந்தக் கருப்பு சும்மா வராது. பழைய கேசட்டுல இருந்து டேப்ப உருவி ஒட்டினேன், அச்சு அசலு. வேட்டிக்கு மில்லு நூல் கழிவு. மோதிரத்துக்கு சுவீட்டு டப்பா ஜிகினா. கைக்கடிகாரத்துக்கு மாத்திரை அட்டை. எல்லாம் கெடச்சுச்சு தங்கச்சி. தோலு மட்டும் கெடைக்கல.

சிரிக்காதீங்க. அது பெரிய பிரச்சனை. நம்ம நெறம் இருக்கே, நம்ம ஊரு வெயிலு நெறம், அது எந்தப் பத்திரிகையிலயும் கெடையாது. வாரப் பத்திரிகை, நகைக்கடை விளம்பரம், சோப்பு விளம்பரம், மாசக் காலண்டரு, எல்லாத்தையும் விரிச்சுப் போட்டுப் பாத்தேன். எல்லாம் மாவு மாதிரி இருக்காக. அதுல அண்ணாச்சிய ஒட்டினா வெள்ளைக்காரக் கலெக்டரு மாதிரி ஆயிருவாரு. சரி, கல்யாணம், காதுகுத்து, பொறந்தநாளுக்கு வைக்கிறாகளே பேனரு, அதுல நம்ம ஆளுகதான இருக்காகன்னு பாத்தேன். அது பிளாஸ்டிக்கு. பசை ஒட்டாது, ஒட்டினாலும் ரெண்டு நாள்ல சுருண்டுக்கும். அதுவும் போக, உயிரோட இருக்குறவனுக்கு எல்லாம் கம்ப்யூட்டருல வெளுப்பு ஏத்திர்றான்.

அப்பதான் ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போறப்ப பாத்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டரு. நல்ல பேப்பரு, பெருசா முகம். செத்தவருக்கு யாரு வெளுப்பு ஏத்தப் போறா? இருந்த நெறம் இருந்தபடி. கருப்பு, மாநெறம், வெயில்ல காஞ்ச நெறம், உள்ளங்கை நெறம், எல்லா நெறமும் இந்த ஊரு செவுத்துல இருக்கு. நடு ரோட்டுல நின்னுட்டேன். அன்னைக்கு எனக்கு வந்த சந்தோசத்த நான் யாருகிட்ட சொல்ல?

நான் ஒண்ணும் ஈவு இரக்கம் இல்லாதவ இல்ல, கேட்டுக்கோங்க. எனக்கும் ஒரு நியாயம் இருக்கு. பதினாறாம் நாள் காரியம் முடியாம எந்தப் போஸ்டரையும் தொட்டது கெடையாது. தேதிய வாசிச்சு, மனசுல கணக்குப் போட்டு வச்சுக்கிட்டு, காரியம் முடிஞ்ச மறுநாள் விடியக்காலம் போவேன். ஈரச்சாக்க செவுத்துல சாத்தி வச்சா பசை இளகும். மேல் நுனியப் புடிச்சு மெதுவா இழுத்தா தோல் உரிச்ச மாதிரி முழுசா வரும். அதுக்கு அடியில இன்னொருத்தரு இருப்பாரு. அவருக்கு அடியில இன்னொருத்தரு. கொத்தா எடுத்துக்கிட்டு வருவேன்.

ஒரே தொந்தரவு மாடுதான். மைதாப் பசை வாசத்துக்கு அதுவும் விடியக்காலமே வந்துரும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செவலை மாடு, அதுக்கும் எனக்கும் பெரிய போட்டி. சைக்கிள் கடை மாடசாமிய நான் மீசைப் பக்கம் இழுக்குறேன், அது தாடைப் பக்கம் இழுக்குது. மீசை எனக்குக் கெடச்சுச்சு.

பாத்தவுக என்ன பேசினாக தெரியுமா? புருசனுக்கு மாத்திரை மாறிப்போயி ஏதோ ஆயிருச்சு, இந்தம்மாவுக்குச் சித்தம் கலங்கிப்போச்சு, செவுத்துல சாஞ்சு சாஞ்சு நிக்கிதுன்னு பேசினாக. ஒரு ஆளு வீட்டுக்கே துக்கம் கேக்க வந்துட்டான். அவுகதான் கதவத் தொறந்தாக.

அப்பிடியே ஒவ்வொண்ணாச் சேந்துச்சு. மாடசாமி மீசை. போஸ்ட் ஆபீசு அந்தோணி காது. ஒதட்டுக்கு மட்டும் ஆம்பளைக போஸ்டருல நெறம் அமையல, பீடி குடிச்சுக் கருத்துப்போயி கெடக்காக. பூக்கார ராக்கம்மா கன்னத்துல இருந்து நறுக்கினேன். பொருத்தமா இருந்துச்சு. ஆனா முகத்துக்கு அடிப்படை நெறம் ஒண்ணு வேணுமே. நெத்தி, கன்னம், மூக்கு, இதெல்லாம் ஒரே நெறமா இருக்கணும், இல்லாட்டி தேமல் மாதிரி ஆயிரும். அண்ணாச்சி நெறம் ஒரு தனி நெறம் தங்கச்சி. செம்மண்ணுல கொஞ்சம் கரி கலந்த மாதிரி. எத்தனை போஸ்டரு வச்சுப் பாத்தும் சேரல.

மூடிக் கெடக்குற பழைய சினிமாக் கொட்டகைக்குப் பின்னாடி ஒரு செவுரு இருக்கு. மேல தகரம் நீட்டிக்கிட்டு இருக்குறதால மழை வெயிலு படாது. அங்க ஒரு போஸ்டரு, பெருசு, நேத்து ஒட்டின மாதிரி நெறம் மங்காம இருந்துச்சு. நான் கையில அண்ணாச்சி போட்டோ வச்சிருந்தேன், பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஒத்துப்போச்சு. அப்பிடியே ஒத்துப்போச்சு.

ஒத்துப்போகாம? அது அண்ணாச்சியோட கூடப்பொறந்த தம்பி, தங்கப்பழம்.

அந்தக் கதை ஒங்களுக்குத் தெரியாது. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் அடுத்தடுத்த வீடு. நடுவுல ஒரு செவுரு. அந்தச் செவுரு யாருதுன்னு தகராறு, கோர்ட்டு வரைக்கும் போயி, பேச்சுவார்த்தை நின்னு வருசக்கணக்காச்சு. ஒரே தெருவுல எதிரெதிரா வந்தா மூஞ்சியத் திருப்பிக்குவாக. போன வருசம் தையில அந்தத் தம்பி மாரடைப்புல போய்ச் சேந்துட்டாரு. செவுத்துக்கு அந்தப் பக்கம் சங்கு ஊதுறாக. இந்தப் பக்கம் அண்ணாச்சி வீட்டப் பூட்டிட்டு திருச்செந்தூருக்குப் போயிட்டாரு. "எனக்கும் அவனுக்கும் அத்துப்போச்சு"ன்னுட்டாரு. தம்பி செத்து வருசம் திரும்பல, அதுக்குள்ள மேளம் வச்சு அறுபதாம் கல்யாணம். ஊரு பேசுச்சு. நமக்கு எதுக்கு அது?

தெரிஞ்சுமா எடுத்தன்னு அவுகளும் கேட்டாக, தமயந்தியும் கேட்டா, இப்ப நீங்களும் அப்பிடித்தான் பாக்குறீக. தெரியும், ஆனா நான் ஆளைப் பாக்கல, நெறத்தப் பாத்தேன். புளியங்கொட்டை அளவுக்கு நறுக்கினதுக்கப்பறம் அதுல தம்பி ஏது, பகை ஏது? நெத்தியில ஒரு துண்ட மட்டும் நறுக்காம முழுசா வச்சேன். அண்ணாச்சிக்கு அந்த எடத்துல கோடு விழும், இதுலயும் ஒரு கோடு தோதா இருந்துச்சு. அம்புட்டுதான்.

மைதா காய்ச்சி, பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போட்டு, நாலு வாரமா ஒட்டினேன். தமயந்தி அந்த ரூமுக்குள்ளயே வரல.

விசேஷத்தன்னைக்கு மண்டபத்துல படத்தத் தெறந்ததும் பாக்கணுமே. எல்லாரும் வாயப் பொளந்துட்டாக. அண்ணாச்சியே எந்திரிச்சு வந்து, கைய பின்னாடி கட்டிக்கிட்டு, தலையச் சாச்சுச் சாச்சுப் பாத்தாரு. "யம்மா, நானேதான்"னாரு. மணமேடையில இருந்த சம்பந்தியம்மா பாக்கியத்தாயி கண்ணு கலங்கிட்டாக. பூபாலன் தமயந்தியப் பாத்துச் சிரிச்சான். அவளும் சிரிச்சா. அந்தச் சிரிப்போட விட்டிருந்தா இந்தப் பேரு எனக்கு வந்திருக்காது.

மைக்கு வச்சிருந்த ஆளு, அக்கா ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு குடுத்துட்டான். நானா கேக்கல. குடுத்தா பேசாம என்ன செய்ய? "பெயிண்டுக்கடை அண்ணாச்சி முகத்துல ஒரு சொட்டுப் பெயிண்டு கெடையாது"ன்னு ஆரம்பிச்சேன். கை தட்டினாக. முடி கேசட்டு டேப்புன்னேன், கை தட்டினாக. கடிகாரம் மாத்திரை அட்டைன்னேன், சிரிச்சாக. முன் வரிசையில இருந்த ஒரு பெரியவரு, "தோலு நெறம் எப்பிடிம்மா இம்புட்டுப் பொருத்தமா வந்துச்சு"ன்னு கேட்டாரு.

கேட்டா சொல்லணுமா இல்லையா? சொன்னேன். எல்லாம் நம்ம ஊரு கண்ணீர் அஞ்சலி போஸ்டருதான், யாரும் தப்பா நெனைக்க வேணாம், பதினாறு கழிச்சுத்தான் எடுத்தேன்னு சொன்னேன். மீசை மாடசாமின்னேன். காது அந்தோணின்னேன். ராக்கம்மா ஒதடுன்னு சொல்றப்பவே எங்க வீட்டுக்காரக ஓடி வந்து மைக்கப் புடுங்கிட்டாக.

நாதஸ்வரக்காரரு கூட வாயில வச்சத எடுத்துட்டாரு. பெறகு ஒரு பொம்பளை எந்திரிச்சு, "எங்க அய்யாவும் அதுல இருக்காரா"ன்னு கேட்டுச்சு. எந்த ஏரியான்னு கேட்டேன். அம்புட்டுதான், எல்லாரும் மேடைய நோக்கி வந்துட்டாக. அவுகவுக ஆளுகளத் தேட ஆரம்பிச்சுட்டாக. இது எங்க சித்தப்பா கழுத்து, இது எங்க மாமா சட்டைக் கட்டம்னு ஒரே தள்ளுமுள்ளு. மாடசாமி மக மீசையத் தொட்டுக் கும்பிட்டுட்டு அழுதா. பந்தியில எல போட்டுக் கெடக்கு, உக்கார ஆளில்ல. பாக்கியத்தாயி அப்பதான் கழுத்துல ஏறுன புதுத்தாலிய ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு, "என் புருசன் மூஞ்சியில ஊருச் சுடுகாட்டையே கொண்டாந்து வச்சுட்டாளே"ன்னாக.

அண்ணாச்சி நாற்காலியில உக்காந்து வேர்த்து ஊத்திக்கிட்டு இருந்தாரு.

வீட்டுக்கு வந்தோம். ஒரு வாரம் போன் இல்ல. பெறகு பூபாலன்தான் தமயந்திக்குப் பேசினான். அப்பா இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொல்லுறாரு, ராத்திரி தூங்க மாட்டேங்கிறாரு, நெஞ்சப் புடிச்சுக்கிட்டே இருக்காருன்னான். அவ என்னைய ஒரு வார்த்தை திட்டல தங்கச்சி. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். சாப்பாட்டுத் தட்ட முன்னாடி வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தா. பள்ளிக்கூடம் போவா, வருவா, மொகத்தக் கழுவிட்டு வந்து திரும்பச் சும்மா உக்காருவா. அப்பவும் அந்தப் படத்துல என்ன தப்புன்னு எனக்கு வெளங்கல, இப்பவும் வெளங்கல. ஆனா பிள்ளை முகத்தப் பாக்க முடியல.

இப்பிடி இருக்கயில ஒரு நாள் உச்சி வெயில்ல வாசல்ல ஆளு. பாத்தா அண்ணாச்சி. தலை மேல போர்வை சுத்துன பலகை. லோடு ஆட்டோக்காரன் ஏத்த மாட்டேன்னுட்டானாம், கடைப் பையங்க தொட மாட்டேன்னுட்டாங்களாம். பஜாருல இருந்து எங்க வீடு வரைக்கும் தன் மூஞ்சியத் தானே தூக்கிக்கிட்டு நடந்து வந்திருக்காரு. வழியெல்லாம் ஆளுக நின்னு கும்பிட்டாகளாம். அவரையா படத்தையான்னு அவருக்கே தெரியலயாம்.

உக்காந்து தண்ணி குடிச்சாரு. குடிச்சுட்டு, "ஏம்மா, இத நான் என்ன செய்ய?"ன்னாரு. "எரிச்சா எனக்கு நானே கொள்ளி வச்சாப்புல ஆயிரும். கெணத்துல போட்டா எனக்கு நானே சங்கு ஊதினாப்புல ஆயிரும்." குப்பையில போட்டா மாடு தின்னுரும்னு நானும் சொன்னேன். அந்தச் செவலைய எனக்குத் தெரியுமே. அவுக என்னைய மொறைச்சாக.

"ஒண்ணு செய்யி"ன்னாரு அண்ணாச்சி. "இதுல இருக்குற செத்தவங்க எல்லாரையும் எடுத்துரு. எடுத்துட்டுக் குடு. பெறகு நிச்சயத்தப் பத்திப் பேசலாம்."

எடுத்தா மிச்சம் பிளைவுட்டும் கேசட்டு டேப்பும்தான் இருக்கும்னு சொல்ல வாயெடுத்தேன். கதவுக்குப் பின்னாடி தமயந்தி நின்னா. ரெண்டு கையையும் கும்பிட்டுக்கிட்டு நின்னா. நாலு வார வேல தங்கச்சி. என் நகக்கண்ணுல இன்னமும் மயில்துத்தம் நீலம் போகல. ஆனா பெத்த பொண்ணு கும்பிடுது. வாய மூடிக்கிட்டு பிளேடு எடுத்துட்டு வந்தேன்.

படத்தப் படுக்க வச்சு, காதுல இருந்து ஆரம்பிச்சேன். "இது யாரு?"ன்னாரு. போஸ்ட் ஆபீசு அந்தோணின்னேன். "நல்ல மனுசன். மணியார்டர வீட்ல வந்து குடுப்பாரு"ன்னாரு. மீசைய உரிக்கப் போனேன். மாடசாமியா, பள்ளிக்கூடம் போற பிள்ளைககிட்ட காத்தடிக்கக் காசு வாங்க மாட்டான்னாரு. ஒதடு ராக்கம்மா. அதுக்கு மட்டும் இருமினாரு. ஒவ்வொருத்தரா கேக்குறாரு, ஒவ்வொருத்தரப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லுறாரு. பயம் கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நெத்தியில பிளேட வச்சேன்.

"இது யாரு?"

"இதுவா? நெத்தி, ரெண்டு கன்னம், மூக்கு, எல்லாம் ஒரே ஆளு அண்ணாச்சி. ஒங்க தம்பி."

பட்டுன்னு என் கையப் புடிச்சுட்டாரு. நான் வெளக்கிச் சொன்னேன். வேற யாரு நெறமும் ஒங்களுக்குச் சேரல அண்ணாச்சி, ஊரு பூராத் தேடினேன், இந்த ஊருல ஒங்களுக்கு ஒத்துப்போன நெறம் அது ஒண்ணுதான்னேன். தப்பா ஒண்ணும் சொல்லலயே? உள்ளதத்தான சொன்னேன்?

அவரு குனிஞ்சு, கண்ணாடியக் கழட்டிட்டு, நெத்திக்குக் கிட்டக்க போயிப் பாத்தாரு. அந்தக் கோட்டை வெரலால தொட்டாரு. நான் சுருக்கம்னு நெனச்சு வச்சேன்ல, அது சுருக்கம் இல்லயாம், தழும்பாம். "கிட்டிப்புள்ளு"ன்னாரு. "நான் அடிச்சது. ஆறு தையல் போட்டாக. வீட்ல கேட்டதுக்கு கீழ விழுந்துட்டேன்னு சொல்லிட்டான். கடைசி வரைக்கும் என்னையக் காட்டிக் குடுக்கல"ன்னாரு.

பெறகு அண்ணாச்சி அழுதாரு. அம்புட்டுப் பெரிய ஆளு, முட்டியில கைய ஊனிக்கிட்டு, தன் மூஞ்சிக்கு மேலயே குனிஞ்சு அழுதாரு. சத்தமே வரல, தோளு மட்டும் குலுங்குச்சு. "பக்கத்து வீடும்மா. செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் கெடத்தியிருந்தாக. நான் போகலயே"ன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. காதப் பிச்சுட்டோமேன்னு வருத்தப்படுறாரு போலன்னு நெனச்சு, ஒட்டித் தந்துர்றேன் அண்ணாச்சி, பிச்ச எடமே தெரியாதுன்னேன். அவுக என்னையத் தள்ளி விட்டுட்டு அவரு முதுகத் தடவிக் குடுத்தாக.

கண்ணத் தொடச்சுட்டு, "ஒட்டிக் குடு. எல்லாரையும் ஒட்டிக் குடு. யாரும் போக வேணாம்"னாரு. உக்காந்திருந்து, காய விட்டு, திரும்பப் போர்வையில சுத்தித் தலையில வச்சுக்கிட்டாரு. போறப்ப தமயந்தியக் கூப்பிட்டு, தலையில கை வச்சுட்டுப் போனாரு. அவ உள்ள போயி ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டா.

ஆவணியில நிச்சயம் நடந்துச்சு. கல்யாணத்த ஐப்பசியில வச்சிருக்கலாம். அண்ணாச்சி ஒத்துக்கல. "தம்பிக்கு வருசம் திரும்பாம எப்பிடி"ன்னுட்டாரு. பாருங்க, அறுபதாம் கல்யாணத்துக்குத் தெரியாத வருசம், என் பொண்ணு கல்யாணத்துக்கு மட்டும் தெரிஞ்சிருச்சு. எனக்கு அதுல கொஞ்சம் மனக்கொறைதான். இப்ப வைகாசிக்கு முடிவாயிருக்கு. நீங்க மாடிக்கு வந்துட்டா ஒங்களுக்கும் பத்திரிகை உண்டு. பத்திரிகைய மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க.

இந்தத் தையில தம்பிக்கு வருசத் திதி. அண்ணாச்சி அவரு வீட்டுலயே வச்சாரு. எங்களையும் கூப்பிட்டிருந்தாக. போயிப் பாத்தா நடு வீட்டுல என் படம் மாட்டியிருக்கு. முன்னாடி குத்துவெளக்கு, எல போட்டுப் படையல், பனங்கெழங்கு. படத்துல பெரிய ரோசாப்பூ மாலை. ஆளு உசுரோட பக்கத்துல நிக்கிறாரு, மூஞ்சிக்கு மாலை போட்டிருக்கு. தண்ணி கேன் போட வந்தவன் படத்தப் பாத்தான், அண்ணாச்சியப் பாத்தான், கேன வாசல்லயே போட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டான்.

பாக்கியத்தாயி மூலையில நின்னு மூக்கச் சிந்துறாக. இருக்குற மனுசனுக்கு மாலை போடலாமா, நீங்களே கேளுங்கன்னு என்கிட்ட சொல்லுறாக. அண்ணாச்சி, "எனக்கு இல்லடி, அவனுக்கு"ன்னாரு. தம்பி சம்சாரம் சொர்ணத்தாயி பிள்ளைகளோட வந்து கீழ உக்காந்திருந்துச்சு. அந்த வீட்டுப் படிய அது மிதிச்சே எத்தனையோ வருசம். படத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. தம்பி போட்டோ வேணும்னா அதுகிட்ட கேட்டா நாலு குடுக்கும். கேக்கலயாம், இதுதான் வேணும்னுட்டாராம். வேலைன்னா அது வேல, நானே சொல்லிக்கக் கூடாது.

ஆனா எனக்குக் கண்ணு மாலையிலதான் இருந்துச்சு. ஈர மாலை தங்கச்சி. தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வச்சிருக்காக. மைதாப் பசைக்கு ஈரம் ஆகுமா? சொல்லாம இருக்க முடியல. "அண்ணாச்சி, மாலைய எடுங்க, நெத்தி ஊறிப்போயிரும்"னேன். எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாக. அவுக என் கையக் கிள்ளினாக.

அண்ணாச்சி மட்டும் கோவிக்கல. ஒடனே ஸ்டூல் போட்டு ஏறி, மாலையக் கழட்டிச் சொர்ணத்தாயி கையில குடுத்துட்டு, தோள்ல கெடந்த துண்ட எடுத்து அந்த நெத்தியத் தொடச்சாரு. தழும்பு இருக்குற எடத்துல மெல்ல ஒத்தி ஒத்தி எடுத்தாரு, பச்சப்பிள்ளைக்குத் தொடைக்கிற மாதிரி. காஞ்சு போச்சு. காஞ்ச பெறகும் எறங்காம தொடச்சுக்கிட்டே நின்னாரு.

நான் அவுக காதுல சொன்னேன், பாத்தீகளா, இந்த ஊருல ஒருத்தராச்சும் என் வேலைக்கு மரியாதை குடுக்குறாருன்னு. அவுக கண்ணத் தொடச்சுக்கிட்டாக. அவுகளுக்கும் உள்ளுக்குள்ள பெருமைதான், வெளிய காட்டிக்கிற மாட்டாக.